அடித்ததெல்லாம் ‘பீட்’ ஆகுமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகன் ஆங்கிலக் கட்டுரை ஒன்றில் ‘தி ஆட்டோ பீட் மை சைக்கிள்’ என்றும், ‘மை பிரதர் ஹிட் மீ இன் செஸ்’ என்றும் எழுதியிருந்தான். ஆசிரியை முதல் வாக்கியத்தில் ‘பீட்’ என்பதை அடித்துவிட்டு ‘ஹிட்’ என்றும், இரண்டாவதில் ‘ஹிட்’ என்பதை அடித்துவிட்டு ‘பீட்’ என்றும் சிவப்பு மையில் திருத்தியிருக்கிறார். ‘இரண்டுக்கும் அடிப்பது என்றுதானே அர்த்தம், ஏன் மாற்ற வேண்டும்?’ என்று கேட்கிறான். எனக்கும் விளக்கத் தெரியவில்லை. இரண்டு சொற்களுக்கும் அப்படி என்னதான் வேறுபாடு?
– வாசகி ஒருவர், ஈரோடு

பதில்: உங்கள் மகன் தமிழில் சரியாக நினைத்ததை அப்படியே ஆங்கிலத்தில் எழுதிவிட்டான். ‘ஆட்டோக்காரன் சைக்கிளை அடிச்சுட்டான்’ என்று சொல்கிறோம்; ‘செஸ்ஸில் அண்ணன் என்னை அடிச்சுட்டான்’ என்றும் சொல்கிறோம். தமிழில் ‘அடி’ என்கிற வினைக்கு ஓய்வே கிடையாது. மணி அடிக்கிறது, வெயில் அடிக்கிறது, ஆணி அடிக்கிறார்கள், சுவருக்கு வெள்ளை அடிக்கிறார்கள், தேர்வில் காப்பி அடிக்கிறார்கள், யாருக்கோ லாட்டரி அடிக்கிறது. இத்தனையையும் ஒரே சொல்லால் சொல்லிப் பழகிய பிள்ளை, ஆங்கிலத்தில் இரண்டு சொற்களைக் கண்டால் முதலில் நினைவுக்கு வந்ததை எழுதிவிடுவது இயல்புதான்.

சுருக்கமாகச் சொன்னால், ஒன்று மற்றொன்றின் மேல் போய்ப் படுவதைச் சொல்லும் சொல் ‘ஹிட்’; ஒன்றைத் திரும்பத் திரும்ப அடித்து அதை ஒரு வழி பண்ணுவதைச் சொல்லும் சொல் ‘பீட்’. ‘ஹிட்’ என்பதற்கு ஒரே ஒரு முறை பட்டால் போதும். வேண்டுமென்று அடித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. அடிப்பது உயிருள்ளதாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. தெருவில் ஆடும் பிள்ளைகளின் பந்து சன்னலில் பட்டாலும், நிலைப்படியில் நாம் குனிய மறந்து தலையை இடித்துக்கொண்டாலும், லாரி மரத்தில் மோதினாலும் ஆங்கிலத்தில் ‘ஹிட்’ என்றே சொல்வார்கள். அங்கே பார்வை முழுவதும், பட்டதா, எங்கே பட்டது என்பதில்தான் இருக்கிறது.

‘பீட்’ என்பதற்கு ஒரு தடவை போதாது. கம்பளத்தைக் கொடியில் தொங்கவிட்டுத் தூசு போகத் தட்டுவது, தட்டார் தங்கத்தைத் தகடாகத் தட்டி நீட்டுவது, முரசு கொட்டுவது, பறவை சிறகடிப்பது, நெஞ்சு துடிப்பது ஆகிய எல்லாவற்றுக்கும் இந்தச் சொல்தான். இவை எல்லாமே விட்டுவிட்டு, மீண்டும் மீண்டும், பெரும்பாலும் ஒரு தாளக்கட்டோடு நடப்பவை. இசையில் தாளத்தின் ஒவ்வொரு தட்டுக்கும் ‘பீட்’ என்று பெயர் வந்ததும் அதனால்தான். நம் வீட்டு அவலுக்கு இந்திய ஆங்கிலத்தில் ‘பீட்டன் ரைஸ்’ என்று ஒரு பெயர் உண்டு. ஊறவைத்து வறுத்த நெல்லை உரலில் போட்டுத் தட்டையாகும்வரை இடித்து எடுப்பதால் அந்தப் பெயர் மிகவும் பொருந்துகிறது. அதை ‘ஹிட் ரைஸ்’ என்று யாரும் சொல்லிவிட முடியாது. சமையற்கட்டிலேயே இன்னொன்றும் இருக்கிறது: முட்டையை ‘ஹிட்’ செய்தால் ஓடு உடையும், ‘பீட்’ செய்தால் ஆம்லெட்டுக்குத் தயாராகும்.

‘ஹிட்’ பிறந்த கதையைத் தெரிந்துகொண்டால் அதன் குணம் இன்னும் தெளிவாகும். அது ஆங்கிலத்தின் சொந்தச் சொல் இல்லை. ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்து ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்து இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய வைக்கிங் மக்களின் பழைய நார்ஸ் மொழியில் ‘ஹித்தா’ என்றொரு வினை இருந்தது. அதற்கு எதிர்ப்படுதல், போய்ச் சேருதல், கண்டடைதல் என்றுதான் பொருள். இன்றைய சுவீடன் மொழியில்கூட ‘ஹித்தா’ என்றால் கண்டுபிடித்தல். ஸ்டாக்ஹோமில் ஒருவர் தொலைந்த சாவியை ‘ஹித்தா’ செய்தேன் என்றால் அது கிடைத்துவிட்டது என்று பொருளே தவிர, சாவியை அவர் அடிக்கவில்லை. குறியைப் போய்ச் சேர்ந்தது என்கிற அந்தப் பழைய பொருள், ஆங்கிலத்தில் அடிப்பது என்று மாறிய பிறகும் உள்ளுக்குள் அப்படியே இருக்கிறது. அம்பு இலக்கைத் தைத்தால் ‘ஹிட்’. நல்ல யோசனை ஒன்று சிக்கினாலும் ‘ஹிட்’. ஒரு படம் மக்களைப் போய்ச் சேர்ந்தால் அதுவும் ‘ஹிட்’. நம் திரையரங்குகளில் எண்ணற்ற முறை உச்சரிக்கப்படும் இந்தச் சொல்லுக்குப் பின்னால் குறி தவறாத அம்புதான் இருக்கிறது. ‘பீட்’ அப்படி இல்லை. பழைய ஆங்கிலத்திலிருந்தே அது தொடர்ந்து அடிப்பதைக் குறித்து வந்த நாட்டுச் சொல்.

ஆகவே உங்கள் மகனுக்கு ஒரு சோதனை சொல்லிக் கொடுக்கலாம். தமிழ் வாக்கியத்தில் ‘அடித்தது’ என்பதை எடுத்துவிட்டுப் ‘பட்டது’, ‘மோதியது’, ‘தொட்டது’ ஆகியவற்றுள் ஒன்றை வைத்துப் பார்க்கட்டும். பொருள் கெடாமல் நின்றால் ஆங்கிலத்தில் ‘ஹிட்’. அவற்றுக்குப் பதிலாக ‘அடித்துத் துவைத்தது’, ‘வெளுத்து வாங்கியது’, ‘தோற்கடித்தது’ போன்றவைதான் பொருந்துகின்றன என்றால் ‘பீட்’. ஆட்டோ சைக்கிளில் மோதியது என்று சொல்லலாம், அதனால் ‘ஹிட்’. பெட்ரோல் விலை நூறு ரூபாயைத் தொட்டது என்று எழுதுகிறோம்; ஆங்கிலச் செய்தித்தாளும் அங்கே ‘ஹிட்’ என்றுதான் எழுதுகிறது.

இந்தச் சோதனைக்கு நல்ல பயிற்சி நம் கோடை காலச் செய்திகள். ‘வேலூரில் வெயில் சதம் அடித்தது’ என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. வெப்பநிலை நூறு டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டது என்பதே அதன் பொருள் என்பதால் அது ‘ஹிட்’. ‘வெயில் மண்டையில் அடிக்கிறது’ என்று நாம் அலுத்துக்கொள்வது அப்படி இல்லை. விடாமல் தலையில் விழுந்துகொண்டே இருக்கும் வெயில் அது. அதற்கு ஆங்கிலத்தில் ‘தி சன் இஸ் பீட்டிங் டவுன்’ என்பார்கள். மழைச்சாரல் சன்னல் கண்ணாடியில் அடித்துக்கொண்டிருப்பதும் ‘பீட்’தான். கடற்கரையில் ஒரு பெரிய அலை வந்து நம்மைச் சாய்த்தால் ‘ஹிட்’, இரவெல்லாம் அலைகள் பாறையில் மோதிக்கொண்டிருந்தால் ‘பீட்’. ஒரே கடல், ஒரே அலை, ஒன்றுக்கும் பலவற்றுக்கும்தான் வித்தியாசம்.

இனி சதுரங்கத்துக்கு வருவோம். ஒருவரை அடித்து அடித்துப் பணியவைப்பது என்பதிலிருந்து, அவரை வெல்வது என்கிற பொருள் ‘பீட்’டுக்கு வந்தது. இது நமக்குப் புதிய வழி இல்லை. ‘தோற்கடி’, ‘முறியடி’ என்று நாம் சொல்லும் இரண்டு வினைகளின் வாலிலும் ‘அடி’தான் நிற்கிறது, சாகடி, மறக்கடி, திணறடி என்று அதே வால் பல இடங்களில் ஒட்டி, ஒருவரை ஒரு நிலைக்குத் தள்ளுவதைச் சொல்கிறது. எனவே செஸ்ஸில் அண்ணன் தோற்கடித்தான் என்றால் ‘பீட்’. மகன் எழுதியபடி ‘ஹிட் மீ இன் செஸ்’ என்றிருந்தால், ஆட்டத்தின் நடுவே அண்ணன் கை நீட்டிவிட்டான் என்றுதான் ஆசிரியை புரிந்துகொள்வார்; பாவம், ஜெயித்ததற்காக அந்தப் பையன் திட்டு வாங்கியிருப்பான். ‘ஆட்டோ பீட் மை சைக்கிள்’ என்பதிலும் வேடிக்கை உண்டு. ஆட்டோவுக்கும் சைக்கிளுக்கும் பந்தயம் நடந்து, ஆட்டோ முந்திவிட்டது என்பதே அதன் நேர்ப்பொருள். அதில் சைக்கிளுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

கேள்வி: நான் வழக்கறிஞர் ஒருவரின் அலுவலகத்தில் தமிழ்ப் புகார் மனுக்களை ஆங்கிலத்தில் பெயர்த்துத் தருகிறேன். ‘எதிரி என்னை அடித்தார்’ என்று மனுதாரர் எழுதியிருந்தால் ‘ஹிட்’ என்று போடுவதா, ‘பீட்’ என்று போடுவதா? இதனால் பொருள் மாறிவிடுமா?
– வாசகர் ஒருவர், மதுரை

பதில்: கட்டாயம் மாறிவிடும். ‘பீட்’ என்று நீங்கள் எழுதினால் பல அடிகள் விழுந்தன என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். ‘ஹிட்’ என்று எழுதினால் ஓர் அடி என்று எடுத்துக்கொள்ள இடம் உண்டு. மனுதாரர் சொல்லாததை மொழிபெயர்ப்பாளர் கூட்டியும் சொல்லக்கூடாது, குறைத்தும் சொல்லக்கூடாது என்பதால், எழுதுவதற்கு முன் அவரையே கேட்டுவிடுவது நல்லது. எத்தனை அடி, எதனால் அடித்தார், எங்கே பட்டது என்று கேட்டால், ‘கன்னத்தில் ஒரு அறை விட்டார்’ என்றோ, ‘கீழே தள்ளிக் கட்டையால் மொத்தினார்’ என்றோ மனுதாரரே துல்லியமான சொல்லைத் தந்துவிடுவார். அறை, குத்து, குட்டு, உதை, மொத்து, சாத்து என்று தமிழில் அடிக்கு இருக்கிற வகைகள் ஏராளம்; மனு எழுதுகிறபோது மட்டும் எல்லாம் சேர்ந்து ‘அடித்தார்’ என்று சுருங்கிவிடுகின்றன. அறைந்தது ‘ஸ்லாப்’, கைமுட்டியால் குத்தியது ‘பஞ்ச்’, உதைத்தது ‘கிக்’ என்று ஆங்கிலத்திலும் தனித்தனிச் சொற்கள் இருக்கும்போது ‘ஹிட்’டா ‘பீட்’டா என்ற கேள்வியே சில மனுக்களில் எழாது.

இந்தியாவில் நாம் பேசும் ஆங்கிலத்தில் ஒரு பழக்கம் உண்டு. பள்ளியில் கையில் ஒரே ஒரு பிரம்படி வாங்கிய பிள்ளையும் ‘டீச்சர் பீட் மீ’ என்றுதான் சொல்லும். நமக்குள் அது சரியாகவே புரிந்துவிடுகிறது. அதே வாக்கியத்தை லண்டனிலோ டொராண்டோவிலோ ஒருவர் படித்தால், அந்தப் பிள்ளை நையப் புடைக்கப்பட்டதாக நினைத்துப் பதறிப்போவார். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு பிள்ளைகளுக்கு உடல்ரீதியான தண்டனை தருவதையே தடை செய்திருக்கிறது என்பதால் ஒரு பிரம்படியும் புகாருக்கு உரியதுதான். ஆனாலும் அதை ஒன்று என்றே எழுத வேண்டும்.

இன்னொரு நுட்பமும் உங்கள் வேலைக்குப் பயன்படும். அடித்ததன் விளைவையும் சேர்த்துச் சொல்ல ‘பீட்’ இடம் கொடுக்கும், ‘ஹிட்’ கொடுக்காது. ‘அடித்துக் கொன்றார்கள்’ என்பதற்கு ‘பீட்டன் டு டெத்’ என்று எழுதலாம்; அங்கே ‘ஹிட்’ நிற்காது. உடம்பெல்லாம் கன்றிப்போகும்படி அடித்தார்கள் என்பதற்கு ‘பீட்டன் பிளாக் அண்ட் ப்ளூ’ என்பார்கள். அதற்கும் ‘ஹிட்’ வராது. ‘பீட்’டுடன் ‘அப்’ சேர்ந்தால் பலமாகத் தாக்கியதாகப் பொருள். அடி விழுந்த இடத்தையோ ஆயுதத்தையோ குறிப்பாகச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘ஹிட்’ மிகவும் உதவும். கம்பியால் அவர் தலையில் அடித்தார் என்பதை எழுதும்போது, ஆங்கிலத்தில் முதலில் அடிபட்ட ஆளைச் சொல்லிவிட்டு, பிறகு ‘ஆன் தி ஹெட்’ என்று இடத்தையும் ‘வித்’ போட்டு ஆயுதத்தையும் சொல்வதே வழக்கம். ஆளைச் சொல்லாமல் தாவி ‘ஹிட் ஆன்’ என்று தொடங்கி, ஒரு பெண்ணைப் பற்றிய வாக்கியத்தை அதில் கோத்துவிட்டால் வம்பு வந்துசேரும். ஆங்கிலப் பேச்சு வழக்கில் ‘ஹிட் ஆன்’ என்றால் வழிவது.

சாலை விபத்து மனுக்களில் குழப்பம் இல்லை. ‘அடையாளம் தெரியாத வாகனம் மோதியதில்’ என்று முதல் தகவல் அறிக்கையில் எழுதுகிறார்களே, அந்த ‘மோதியது’ எப்போதும் ‘ஹிட்’டுதான். மோதிவிட்டு நிற்காமல் போன வண்டிக்கு ‘ஹிட் அண்ட் ரன்’ என்று சட்டத்திலேயே பெயர். 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் மத்திய அரசின் திட்டத்தின்படி, அப்படிப்பட்ட விபத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு இரண்டு லட்சம் ரூபாயும் கொடுங்காயம் அடைந்தவருக்கு ஐம்பதாயிரம் ரூபாயும் இழப்பீடு உண்டு. அத்தகைய மனுவை நீங்கள் பெயர்க்க நேர்ந்தால் அந்தப் பெயரை மாற்றாமல் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

கைகலப்பு வழக்குகளில் சட்டம் ‘ஹிட்’ என்பதையும் ‘பீட்’ என்பதையும் நாடாமல், காயம் என்பதற்கு ‘ஹர்ட்’ என்றும் தாக்க முனைதலுக்கு ‘அசால்ட்’ என்றும் வேறு சொற்களால் பேசுகிறது. இவற்றுள் ‘அசால்ட்’ விசித்திரமானது. பேச்சு வழக்கில் அதை அடிதடி என்று நினைத்துப் பயன்படுத்துகிறோம். ஆனால் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 351-வது பிரிவு தந்த விளக்கப்படி, அடி விழவே வேண்டியதில்லை. இப்போது அடிக்கப் போகிறார் என்று எதிரில் இருப்பவர் அஞ்சும்படி ஒருவர் கை முட்டியை ஓங்கினாலே அது ‘அசால்ட்’ ஆகிவிடும். 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவும் இதே விளக்கத்தைத்தான் வைத்திருக்கிறது. ஆகவே மனுவில் ‘அடித்தார்’ என்று இருப்பதைக் கம்பீரமாக இருக்கட்டும் என்று ‘அசால்ட்’ என்று மட்டும் மாற்றி எழுதினால், விழுந்த அடி விழாததாகிவிடும் ஆபத்து உண்டு. என்ன நடந்தது என்பதை எளிய சொல்லில் எழுதிவிட்டு, சட்டப் பெயரை வழக்கறிஞரிடம் விட்டுவிடுவதே உத்தமம்.

கேள்வி: கிரிக்கெட் வருணனையில் பந்து மட்டையைத் தொடாமல் விக்கெட் கீப்பரிடம் போனால் ‘பீட்டன்’ என்கிறார்கள். எதுவும் எதன் மேலும் படவில்லையே, யார் யாரை அடித்தார்கள்?
– வாசகர் ஒருவர், திருநெல்வேலி

பதில்: நல்ல இடத்தைப் பிடித்திருக்கிறீர்கள். அங்கே ‘பீட்’ என்பது முழுக்க முழுக்க ஏமாற்றி வென்றதைக் குறிக்கிறது. பந்து மட்டையை ஏய்த்துவிட்டுப் போனதால் அந்தப் பந்தைப் பொறுத்தவரை பந்துவீச்சாளர் வென்றார், மட்டையாளர் தோற்றார். ஆகவே கிரிக்கெட்டில் ‘ஹிட்’டும் ‘பீட்’டும் ஒன்றுக்கொன்று எதிர்ச்சொற்களாகவே ஆகிவிடுகின்றன: மட்டையில் பட்டால் ‘ஹிட்’, படாமல் போனால் ‘பீட்’.

இரண்டு சொற்களும் தத்தம் இடத்தில் நிற்பதைப் பார்க்க, 2011 ஏப்ரல் 2 அன்று மும்பை வான்கடே மைதானத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டியின் கடைசிப் பந்தை எடுத்துக்கொள்ளலாம். குலசேகராவின் பந்தை தோனி லாங் ஆன் திசையில் சிக்ஸருக்கு அனுப்பினார். தமிழில் ‘தோனி சிக்ஸர் அடித்தார், இந்தியா இலங்கையை வென்றது, இந்தியா கோப்பையை வென்றது’ என்று இரண்டே வினைகளில் மூன்றையும் சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் மூன்று வினைகள் வேண்டும். தோனி அடித்தது ‘ஹிட்’, ஆறு விக்கெட் வித்தியாசத்தில் இலங்கையை வென்றது ‘பீட்’, கோப்பையை வென்றது ‘வின்’. நம் மக்கள் பெரும்பாலும் தடுமாறுவது கடைசி இரண்டில்தான். ‘இந்தியா வன் ஸ்ரீலங்கா’ என்று எழுதுகிறவர்கள் இன்றும் ஏராளமாக இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் ‘வின்’ செய்வது கோப்பையை, ஆட்டத்தை, பரிசை, தேர்தலை. ‘பீட்’ செய்வது எதிராளியை. ‘வன் ஸ்ரீலங்கா’ என்றால் இலங்கை என்கிற தீவையே பரிசாகப் பெற்றுவிட்டதாக ஆகிவிடும். அண்டை நாட்டு உறவுக்கு அது நல்லதில்லை.

கிரிக்கெட் சட்டப் புத்தகத்தில் மூன்றாவதாக ஒரு சொல்லும் இருக்கிறது. பந்தை இரண்டு முறை அடித்து ஆட்டமிழப்பதைச் சொல்லும் 34-வது சட்டத்தின் தலைப்பில் ‘ஹிட்’ இருக்கிறது. தலைப்பை விட்டு உள்ளே போனால், பந்து மட்டையாளரின் உடம்பில் பட்டாலோ, மட்டையால் அடிக்கப்பட்டாலோ, பிறகு அவர் வேண்டுமென்றே மீண்டும் அடித்தாலோ, எல்லா இடத்திலும் ‘ஸ்ட்ரைக்’ என்கிற வினையே வருகிறது. பந்தை எதிர்கொள்பவருக்கே ‘ஸ்ட்ரைக்கர்’ என்றுதானே பெயர். மைதானத்தில் கூவுவதற்கு ‘ஹிட்’, சட்டத்தில் எழுதுவதற்கு ‘ஸ்ட்ரைக்’ என்று வைத்துக்கொள்ளலாம். அமெரிக்கர்களின் பேஸ்பாலில் இந்தச் சொல்லும் தலைகீழாகிவிட்டது. அங்கே மட்டையை வீசியும் பந்து படாமல் போனால் அது ‘ஸ்ட்ரைக்’. மூன்று ‘ஸ்ட்ரைக்’ சேர்ந்தால் மட்டையாளர் வெளியே போக வேண்டியதுதான். பத்துக் கட்டைகளை உருட்டி வீழ்த்தும் பௌலிங் விளையாட்டிலோ முதல் உருட்டிலேயே பத்தும் விழுந்தால்தான் ‘ஸ்ட்ரைக்’. விளையாட்டுக்காரர்களை நம்பி யாரும் ஆங்கிலச் சொற்களுக்குப் பொருள் படிக்காமல் இருப்பது நலம்.

கேள்வி: அப்படியென்றால் ‘ஸ்ட்ரைக்’ என்பதும் அடிப்பதுதானா? வேலை நிறுத்தத்துக்கு ஏன் அந்தப் பெயர்?
– கல்லூரி மாணவி ஒருவர், நாகர்கோவில்

பதில்: அடிப்பதுதான், பொருளால் ‘ஹிட்’டுக்கு மிக அருகில் நிற்கிறது. ஆனால் கொஞ்சம் கனமான, எழுத்து நடைக்கு உரிய சொல். திடீரென்று, வேகமாக, ஒரே வீச்சில் நடப்பதைச் சொல்ல ஏற்றது. ‘மின்னல் தாக்கி மாடுகள் இறந்தன’ என்று நம் செய்திகள் எழுதும்போது வரும் ‘தாக்கு’ என்பதற்கு நேர் ‘ஸ்ட்ரைக்’. கடிகாரம் மணி அடிப்பதும் ‘ஸ்ட்ரைக்’, நாணயம் அச்சடிப்பதும் ‘ஸ்ட்ரைக்’. பத்திரங்களில் ‘அடித்தல் திருத்தல் இல்லை’ என்று எழுதுகிறோமே, அந்த அடித்தலும் ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ரைக்’தான்.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் அடிப்பதைக் குறிக்கவே இல்லை; தடவுதல், உராய்ந்து செல்லுதல் என்றுதான் பொருள். ஜெர்மன் மொழியில் இதன் உறவுச் சொல் இன்றும் அந்தப் பொருளிலேயே இருக்கிறது. ரொட்டியில் வெண்ணெய் தடவுவதற்கு அதைத்தான் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் தடவல் மெல்ல மெல்ல வேகம் பெற்று அடியாகிவிட்டது. ஆனால் தீக்குச்சியை உரசுவதற்கு மட்டும் அந்தப் பழைய உராய்வு இன்றும் தங்கியிருக்கிறது. அதை ‘ஹிட்’ என்றால் குச்சி ஒடிந்துபோகும், ‘பீட்’ என்றால் பெட்டியே மிஞ்சாது.

வேலை நிறுத்தக் கதைக்கு லண்டன் துறைமுகத்துக்குப் போக வேண்டும். கப்பலின் பாயைக் கீழே இறக்குவதற்கும் மாலுமிகள் ‘ஸ்ட்ரைக்’ என்றே சொல்வார்கள். 1768-இல் லண்டனில் கொந்தளித்த மாலுமிகள், வணிகக் கப்பல்களின் பாய்களை இறக்கிவிட்டு அவை நகர முடியாதபடி செய்தார்கள். வேலையை நிறுத்தும் போராட்டத்துக்கு அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது அப்போதுதான். நம் ஊரில் பேருந்து ஓடாத நாளில் ‘இன்னைக்கு ஸ்டிரைக்’ என்று சொல்கிறவர்கள், இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்தைய கப்பல் பாயைத்தான் இறக்குகிறார்கள்.

உங்களுக்குப் பிடிக்கும் என்று ஒன்றைக் கூடுதலாகச் சொல்கிறேன். ‘எனக்கு அப்படிப் படுகிறது’ என்று தமிழில் சொல்வதற்கு ஆங்கிலத்தில் ‘இட் ஸ்ட்ரைக்ஸ் மீ’ என்பார்கள். ‘அப்போதுதான் எனக்கு உறைத்தது’ என்பதற்கு ‘இட் ஹிட் மீ’ என்பார்கள். முன்னது தோன்றுவது, பின்னது தாமதமாக வந்து பலமாகத் தைப்பது. ‘இட் பீட்ஸ் மீ’ என்றும் உண்டு. அதற்கு ‘எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை’ என்று பொருள். புதிர் நம்மை வென்றுவிட்டது, நாம் தோற்றோம்.

கேள்வி: ‘இந்தியா பீட் ஆஸ்திரேலியா’ என்று தலைப்புப் போடுகிறார்கள். வென்றது நேற்று, ஆனால் வினை நிகழ்காலத்தில் இருக்கிறதே? ‘பீட்டட்’ என்று எழுதக்கூடாதா?
– வாசகர் ஒருவர், சேலம்

பதில்: ‘பீட்டட்’ என்று ஒரு வடிவம் ஆங்கிலத்தில் இல்லை, ‘ஹிட்டட்’ என்பதும் இல்லை. ‘ஹிட்’ மூன்று காலத்துக்கும் உருமாறாமல் அப்படியே இருக்கும். ‘பீட்’டின் இறந்தகாலமும் ‘பீட்’தான், ‘அடிக்கப்பட்ட’, ‘தோற்கடிக்கப்பட்ட’ என்கிற இடங்களில் மட்டும் ‘பீட்டன்’ ஆகும். ‘ஸ்ட்ரைக்’ என்பது ‘ஸ்ட்ரக்’ ஆகும். ஆகவே அந்தத் தலைப்பை இறந்தகாலமாகவே படித்துக்கொள்ளலாம். நிகழ்காலம் என்று வைத்துக்கொண்டாலும் பிழை இல்லை, ஏனென்றால் ஆங்கில நாளிதழ்கள் நேற்று நடந்ததை நிகழ்காலத்தில் தலைப்பிடுவது வழக்கம். பிரிட்டிஷ் முறையில் அணியின் பெயரைப் பன்மையாகக் கொள்வதால் ‘பீட்’ என்று நிற்கிறது. அமெரிக்க நாளிதழ்கள் நாட்டின் பெயரை ஒருமையாகக் கொண்டு ‘பீட்ஸ்’ என்று எழுதும். நம் நாட்டு ஆங்கில நாளிதழ்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ் வழக்கத்தையே பின்பற்றுகின்றன.

சில இடங்களில் ‘பீட்டன்’ என்று வர வேண்டியது ‘பீட்’ என்றே பேச்சில் வரும். நாள் முழுவதும் உழைத்துக் களைத்த அமெரிக்கர் ‘ஐ ஆம் பீட்’ என்பார். அவரை யாரும் தோற்கடிக்கவும் இல்லை, கைநீட்டவும் இல்லை; ‘உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு’ என்று நாம் சொல்வதை அவர் சுருக்கமாகச் சொல்கிறார்.